அப்பாவின் காலை ஒடித்த குறுஞ்செய்தி

என் அப்பாவின் இடது காலை ஒடித்தவன் நான். அடிக்கவில்லை, தள்ளிவிடவில்லை, அவர் விழுந்தபோது பக்கத்தில்கூட இல்லை. கம்ப்யூட்டர் திரையில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறதா என்று பார்க்காமல் விட்டேன், அவ்வளவுதான். பெற்ற தகப்பனின் காலை இத்தனை சோம்பேறித்தனமாக ஒடித்த மகன் விருதுநகர் மாவட்டத்தில் இன்னொருத்தன் இருந்தால் சொல்லுங்கள், போய்க் கைகொடுத்துவிட்டு வருகிறேன்.

எல்லார் கையிலும் பட்டன் போன் வந்துவிட்டிருந்த காலம். எம்.சி.ஏ. முடித்த கையோடு சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் ஆபீசில் சேர்ந்திருந்தேன். எங்கள் ஊர் ஆமத்தூர். விஸ்வநத்தம் பக்கம் இருந்த அதே கம்பெனியின் ஆலையில்தான் அம்மா வெடிமருந்து செலுத்தும் வேலை பார்த்தாள். (ஆலை என்றெல்லாம் எங்கள் பக்கம் யாரும் சொல்வதில்லை. 'பயராபீஸ்' என்பார்கள். கேட்பதற்கு எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவது மாதிரி இருக்கும்.) காலையில் எங்கள் தெருவில் பாதிப் பேர் கம்பெனி வேனில் ஏறி அந்த ஆபீசுக்குப் போவார்கள். நான் மட்டும் சட்டையை இன் பண்ணிக்கொண்டு பஸ் ஏறி இந்த ஆபீசுக்குப் போவேன். அந்த ஒரு காரணத்துக்காகவே என் தலை கழுத்தில் சரியாக உட்காராமல் கொஞ்சம் மேலே நின்றது.

சென்னையில் படித்துவிட்டு வந்திருந்த சின்ன முதலாளிக்கு, கம்பெனியின் வேலை அத்தனையும் வெப் அப்ளிகேஷனில் நடக்க வேண்டும் என்று ஆசை. கட்டிக் கொடுத்தேன். டீலர்கள் ஆர்டர் போட ஒரு பக்கம், ஆலை ஆட்களின் பெயர், டோக்கன் நம்பர், வீட்டுப் போன் நம்பர் எல்லாம் ஏற்ற ஒரு பக்கம். எதை உள்ளே விட்டாலும் சோதித்துத்தான் விடுவேன். பெயர் காலியாக இருந்தால் சிவப்பெழுத்து. போன் நம்பரில் ஒரு எண் குறைந்தால் சிவப்பெழுத்து. இந்தச் சரிபார்ப்புக்கு எங்கள் தொழிலில் 'வேலிடேஷன்' என்று பெயர். அதில் நான் பெரிய கைகாரன் என்று எனக்கு நினைப்பு. ஆபீஸ் மேனேஜர் அண்ணாச்சி ஒரு விலாசத்தை ஏற்ற முடியாமல் போராடிவிட்டு, "ஏம்ப்பா, இது கம்ப்யூட்டரா, எங்க மாமியாரா? எதைக் குடுத்தாலும் ஒரு குறை சொல்லுதே" என்று கேட்டார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

பிறகுதான் அந்தக் குறுஞ்செய்திப் பக்கம் வந்தது.

எங்கள் பக்கத்தில் திடீரென்று பெரிய சத்தம் கேட்டால் யாரும் 'என்ன சத்தம்' என்று கேட்க மாட்டார்கள். 'எந்தப் பக்கம்' என்று கேட்பார்கள். புகை எழும் திசையைப் பார்த்து ஓடுவார்கள். ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் உள்ளே இருப்பவர்களிடம் பேச வழியில்லை. இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் வாசலில் கூட்டம் கூட்டமாக நிற்பார்கள். அந்தக் கூட்டம் சின்ன முதலாளிக்குப் பிடிக்கவில்லை.

"கேட்ல கூட்டம் சேரக் கூடாது குமார். யாருக்கு அடியோ அவங்க வீட்டுக்கு மட்டும் மெசேஜ் போகணும். அவங்க நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிரட்டும்."

"செஞ்சிரலாம் சார். இதுக்கு டேட்டாபேஸ்ல ஒரு டேபிள் போட்டு, அனுப்புறதை எல்லாம் அதுல பதிஞ்சு..."

"டேபிள் கீபிள் ஒண்ணும் வேண்டாம். யாருக்கு என்னைக்கு அடின்னு கம்ப்யூட்டர்ல எதுவும் நிக்கக் கூடாது. அனுப்பணும், போயிரணும். புரியுதா?"

புரிந்தது. ஏன் என்றும் புரிந்தது. வேலை வேண்டுமே, முதல் பாதி மட்டும் புரிந்தவனைப் போலத் தலையாட்டினேன்.

செய்தியின் வாசகத்தையும் அவரே சொன்னார். எதுவாக இருந்தாலும் 'சிறு காயம்' என்றுதான் போட வேண்டும். 'தங்கள் குடும்பத்தைச் சேர்ந்த இன்னார் சிறு காயம் காரணமாக அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுள்ளார். பதற்றப்பட வேண்டாம்.' போனில் தமிழ் எழுத்து வராத நாள் என்பதால் இதையே ஆங்கில எழுத்தில் அடித்து வைத்தேன். எங்கள் ஊரில் 'சிறு காயம்' என்று கம்பெனிக்காரர்கள் சொன்னால் பாடைக்கு ஆள் சொல்லிவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், இருந்தும் வாயைத் திறக்கவில்லை.

திரையில் ஒரே ஒரு கட்டம். டோக்கன் நம்பரைப் போட்டால் பெயரையும் வீட்டுப் போனையும் கம்ப்யூட்டரே எடுத்துக்கொள்ளும். என் கெட்டிக்காரத்தனம் அதோடு நிற்கவில்லை. ஆலையில் வேலை தனித்தனிச் சின்ன அறைகளில் நடக்கும். டோக்கன் நம்பர் ஆரம்பிப்பதே அறை எண்ணில்தான். அதனால் அறை எண்ணை மட்டும் போட்டாலும், அந்த எண்ணில் ஆரம்பிக்கிற எல்லா டோக்கனுக்கும் செய்தி போகும்படி வைத்தேன். ஒரு அறை போனால் அதிலுள்ள எல்லாருக்கும் சேர்த்தே சொல்லிவிடலாம் என்ற வசதி. (இதை எழுதும்போது எனக்குக் கை கூசவில்லை. டீ குடித்துக்கொண்டே எழுதினேன்.)

கட்டத்தில் ஒன்றுமே போடாமல் பட்டனை அமுக்கினால் என்ன ஆகும்? கம்ப்யூட்டர் கணக்கில், ஒன்றுமே இல்லாததில் எல்லா எண்ணும் ஆரம்பிக்கும்; ஆலையிலுள்ள அத்தனை பேர் வீட்டுக்கும் செய்தி போகும். இதை ஒரு வரியில் தடுத்திருக்கலாம். ஆனால் நான் படித்திருந்த வேலிடேஷன் எல்லாம் டேட்டாபேசின் வாசலில் நிற்கிற காவல்காரன். உள்ளே போய்த் தங்குகிற சரக்கைத்தான் அவன் சோதிப்பான். இதுதான் எங்கேயும் தங்கப்போவதில்லையே, இதற்கு எதற்குச் சோதனை என்று விட்டுவிட்டேன். இன்றைக்கும் என்னிடம் வேலை பார்க்கும் பிள்ளைகள் 'சார், இது டேபிளுக்கே போகாத டேட்டா சார்' என்று சொன்னால் என் வாயில் வரும் வார்த்தைகளை இங்கே அச்சில் போட முடியாது.

தீபாவளிக்கு முந்திய சீசன். ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு மவுஸ் வாங்க விருதுநகர் போய்விட்டு, மத்தியானம் சிவகாசி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். எனக்கு முன் சீட்டில் எங்கள் தெரு முத்துமாரி அத்தை. அவள் மகள் செல்விக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தது. சீருக்கு வாங்கிய பிரஷர் குக்கரை அட்டைப்பெட்டியோடு மடியில் வைத்துப் பிடித்திருந்தாள். செல்வியும் அம்மாவும் ஒரே ஆலை. அத்தை கையில் இருந்த போன்கூடச் செல்வி போனஸில் வாங்கிக் கொடுத்தது.

அந்தப் போன் 'டிங்' என்றது.

"ஏலே குமாரு, இதுல என்ன போட்டிருக்காகன்னு பாரு. காசு கேட்டு அனுப்புற கம்பெனிக்காரனாத்தான் இருப்பான்."

வாங்கிப் பார்த்தேன். 'தங்கள் குடும்பத்தைச் சேர்ந்த செல்வி' என்று ஆரம்பித்தது. என் வாசகம். என் எழுத்து, என் முற்றுப்புள்ளி.

அப்போது என் மனதில் முதலில் என்ன வந்தது என்பதை இத்தனை வருடமாக வீட்டில்கூடச் சொன்னதில்லை. 'அட, வேலை செய்யுதே' என்று வந்தது. ஒரு நொடிதான். ஆனால் அந்த ஒரு நொடி நான் சந்தோஷமாக இருந்தேன். எதிரே அத்தை குக்கரைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னய்யா, யாரு?"

"ஆபீஸ்லருந்து அத்த. செல்விக்கு... சின்னக் காயம்னு போட்டிருக்கு."

அத்தை அழவில்லை. "சின்னக் காயம்னா போட்டிருக்கு?" என்று மட்டும் கேட்டாள். நான் "பதற்றப்பட வேண்டாம்னும் போட்டிருக்கு" என்றேன். அவள் முகத்தில் மிச்சமிருந்த ரத்தமும் அதோடு போனது.

பின்னால் இன்னொரு 'டிங்'. கடைசி சீட்டில் இன்னொன்று. ஒரு பெரியவர் போனை நீட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். இன்ஷர்ட் போட்ட ஒரே ஆள் நான்தான். வாசித்தேன். அவர் மருமகளுக்குச் சிறு காயம். அடுத்து ஒரு தாய். அவள் இரண்டு பிள்ளைகளுக்கும் தனித்தனியாகச் சிறு காயம். ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு, நானே எழுதிய வாசகத்தை ஒவ்வொரு வீட்டுக்கும் நானே வாசித்துக் காட்டினேன். பஸ் முழுக்க ஒப்பாரி எழுந்தது. பெரிய வெடி, ஒரு அறையும் தப்பவில்லை என்றே நானும் நினைத்தேன்.

அப்புறம் என் சட்டைப்பையில் 'டிங்'.

எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அம்மாவின் டோக்கனுக்கு நேராக என் நம்பரைத்தான் ஏற்றியிருந்தேன், நானே என் கையால். எடுத்தேன். மாரியம்மாள் என்று அம்மாவின் பெயர் இருந்தது. கம்ப்யூட்டர் படித்தவன், அந்தப் புரோகிராமின் ஒவ்வொரு எழுத்தையும் அறிந்தவன், 'ஒரே நேரத்தில் எல்லாருக்கும் வருகிறதே, எங்கேயோ தப்பு' என்று யோசித்திருக்க வேண்டும். எனக்கு யோசனையே ஓடவில்லை. அம்மா காலையில் வேன் ஏறும்போது 'டிபன் பாக்ஸைக் களுவிப் போடுலே' என்று சொன்னதும், நான் திரும்பிக்கூடப் பார்க்காததும்தான் ஓடியது. ஆபீசுக்குப் போன் போட்டேன். என்கேஜ்டு. திரும்பத் திரும்ப என்கேஜ்டு.

ஆமத்தூர் நிறுத்தத்தில் இன்னும் ஒரு கூட்டம் ஏறியது. அதற்குப் பிறகு டிரைவர் எங்கேயும் நிறுத்தவில்லை, யாரும் நிறுத்தச் சொல்லவும் இல்லை. பஸ் நேராக சிவகாசி பெரியாஸ்பத்திரி வாசலில் போய் நின்றது.

அங்கே எங்களுக்கு முன்னால் வேனிலும் டிராக்டரிலும் ஆட்கள் வந்து நிறைந்திருந்தார்கள். "இங்க யாரையும் கொண்டு வரலியேம்மா" என்று நர்ஸ் சொன்னார். உண்மையைத்தான் சொன்னார். அந்த இடத்தில் அதைவிட மோசமான பதில் எதுவும் கிடையாது.

"அப்ப நேரா மதுரைக்குக் கொண்டு போயிட்டாகளா?" என்று ஒருவர் கேட்டார். மதுரைக்கு என்றால் தீக்காயம், முக்கால்வாசி திரும்பாது. ஒரு பையன், "சத்தம் ஒண்ணும் கேக்கலியேண்ணே" என்றான். "சத்தம் இல்லாம குப்புனு எரிஞ்சும் போகும்ல" என்றார் இன்னொருவர்.

அப்போதுதான் ஒரு கிழவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "இந்தா, எம் பேத்தி. காய்ச்சல்னு இன்னைக்கு வேலைக்கே போகலை. பக்கத்துல நிக்கா. இவளுக்கும் சிறு காயம்னு வந்திருக்கு. இது என்ன கூத்துய்யா?" என்றாள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு அந்தப் பெண் பேந்தப் பேந்த முழித்தாள்.

வேலைக்கே வராதவளுக்கும் போயிருக்கிறது என்றால் எல்லாருக்கும் போயிருக்கிறது. எல்லாருக்கும் போயிருக்கிறது என்றால் கட்டம் காலி. கட்டம் காலி என்றால் நான்.

சொல்லியிருக்க வேண்டும். அத்தனை பேர் நடுவில், மவுஸ் இருந்த பிளாஸ்டிக் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஊமையாக நின்றேன். கடைசியில் அத்தையிடம் மட்டும் மெதுவாக, "அத்த, இது தப்பா வந்த மெசேஜா இருக்கலாம்" என்றேன்.

"இருக்கலாம்னா? இருக்குமா, இருக்காதா?"

"தெரியலை அத்த."

எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. நிஜ விபத்துக்காக அவசரத்தில் யாராவது அப்படி அமுக்கியிருந்தால்? அத்தை என்னை அப்படியே விட்டுவிட்டு, ஆலைக்குக் கிளம்பிய லோடு வேனில் குக்கரோடு ஏறினாள். நானும் ஏறினேன்.

ஆலையில் புகை இல்லை. ஆனால் அதைப் பார்த்து நிம்மதிப்படும் நிலையில் யாரும் இல்லை. இறங்கிய வேகத்தில் எல்லாரும் கேட்டைத் தள்ளினார்கள். போர்மேன் கையை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார். அந்த மனிதர் அன்று சத்தம் போட்டிருந்தால் கூட்டம் அவரை மிதித்துக்கொண்டு போயிருக்கும். அவர் சாதாரணமாகப் பேசினார்.

"உள்ள ஒண்ணும் ஆகலை. கேட்டுக்கோங்க, ஒண்ணும் ஆகலை. உங்கள்ல எம்புட்டுப் பேரு மடியில தீப்பெட்டி வச்சிருக்கீகன்னு எனக்குத் தெரியாது. சீசன் சரக்கு அம்புட்டும் உள்ள கெடக்கு. நீங்க இப்படியே ஓடி வந்தா, நடக்காதது இனிமேத்தான் நடக்கும். இங்கனயே நில்லுங்க. எல்லாரையும் நடத்திக் கூட்டியாரச் சொல்லுதேன்."

என் செய்தி பொய் என்பது போக, அதை மெய்யாக்கவும் நான் ஆள் அனுப்பியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

வந்தார்கள். ஓடாமல் வரிசையாக நடந்து வந்தார்கள். அலுமினியத் தூள் படிந்து எல்லார் முகமும் கையும் வெள்ளியாக மின்னின. யாரை யார் என்று அடையாளம் தெரியவில்லை. செல்வி, "எம்மா, எதுக்கு இங்கன வந்து நிக்க? அது என்ன, குக்கரா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அத்தை குக்கரைக் கீழே போட்டுவிட்டு, மகளின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அப்புறம் அவளைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸில் அழாத அழுகையை எல்லாம் அழுதாள். அவள் சேலையெல்லாம் வெள்ளித்தூள்.

அம்மா வந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வேலை நேரத்துல இங்கன என்னலே பண்ணுத? சாப்பிட்டியா?" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "விடுலே, மருந்துக் கை" என்று இழுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வந்து, "ஏத்தா மாரி, உன் வீட்டுக்காரரைப் பெரியாஸ்பத்திரியில போட்டிருக்கு" என்றார்.

அப்பாவிடம் போன் கிடையாது. டீக்கடையில் செய்தி கேட்டு, யாருடைய மொபெட்டையோ எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். அதற்குமுன் அவர் மொபெட் ஓட்டியதில்லை. (வேறு யாராவது ஓட்டும்போது பின்னால் உட்கார்ந்து, எப்படி ஓட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.) ஊரைத் தாண்டியதும் பாலத்துக் கட்டையில் மோதிக் கீழே ஓடைக்குள் விழுந்துவிட்டார். அன்று அந்தச் செய்தியால் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட ஒரே ஆள் அவர்தான். 'தங்கள் குடும்பத்தைச் சேர்ந்தவர் மருத்துவமனையில்' என்பது, மற்ற வீடுகளை விட்டுவிடுங்கள், எங்கள் வீட்டைப் பொறுத்தவரை உண்மையாகிவிட்டது. சிறு காயம் என்பது மட்டும் வழக்கம்போலப் பொய். இரண்டு இடத்தில் எலும்பு ஒடிந்திருந்தது.

நாங்கள் போனபோது கட்டிலில் கிடந்து, "மாரிக்கு என்ன ஆச்சு, மாரிக்கு என்ன ஆச்சு" என்று போகிற வருகிறவர்களை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். வெள்ளி பூசிய முகத்தோடு அம்மா எதிரே போய் நின்றதும், ஆவியைக் கண்டதுபோல வெகுநேரம் பார்த்தார். பிறகு, "நீ நல்லாத்தான இருக்க? அப்ப நான் எதுக்கு விளுந்தேன்?" என்று கேட்டுவிட்டு ஓவென்று அழுதார். எங்கள் வீட்டில் இன்றுவரை புழங்கும் கேள்வி அது. கரண்ட் போய் உடனே வந்தால்கூட, எழுந்து மெழுகுவத்தி தேடியவர் அதைத்தான் கேட்பார்.

நடந்தது இதுதான். சீசனுக்கு மட்டும் வந்து லோடு ஏற்றும் இசக்கி என்பவரின் காலில் பெட்டி விழுந்து நகம் பெயர்ந்துவிட்டது. அவர் வீட்டுக்குச் சொல்லலாம் என்று மேனேஜர் அண்ணாச்சி நல்ல மனதோடு என் பக்கத்தைத் திறந்திருக்கிறார். "அவனுக்குத்தான் டோக்கனே கெடையாதேப்பா. இல்லாத நம்பரை எப்படிப் போட? காலியா விட்டேன். தப்புன்னா உன் கம்ப்யூட்டர் செவப்புல கத்துமேன்னு இருந்தேன். கத்தலியே" என்றார். எந்தப் பதிவிலும் இல்லாத ஒரு மனிதனின் கால் நகத்துக்காக இத்தனையும் நடந்தது. அந்தக் களேபரத்தில் இசக்கி வீட்டுக்கு மட்டும் கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

மறுநாளே அந்த ஒரு வரியை எழுதினேன். கட்டம் காலியென்றால் அனுப்பாதே. எழுத ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சின்ன முதலாளியிடம் காட்டினேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. "அந்தப் பக்கமே வேண்டாம், தூக்கிருங்க" என்றார். தூக்கிவிட்டேன். என் வேலை தப்பியது என்று சந்தோஷப்பட்டேன்.

அடுத்த சீசனில் ஒரு காலை சத்தம் கேட்டது. விஸ்வநத்தம் பக்கம் என்றார்கள். எங்கள் ஆலை. அம்மா அன்று வேறு வரிசை அறையில் இருந்ததால் தப்பினாள். செல்வி அப்போதும் அங்கேதான் வேலை பார்த்தாள். கேட்டில் கூட்டம், பழையபடி, யாருக்கும் ஒன்றும் தெரியாமல். முத்துமாரி அத்தை அந்தப் போனை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"குமாரு, எனக்கு மெசேஜ் ஒண்ணும் வரலியேய்யா. வரலேன்னா அவ நல்லாத்தான இருக்கான்னு அர்த்தம்?"

அந்தப் பக்கத்தைத் தூக்கிவிட்டோம் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நானும் அப்போது சொல்லவில்லை. வெயில் சாயும்வரை அவள் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். செல்விக்குக் கல்யாணம் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை.

அப்பாவின் கால் கோணலாகத்தான் கூடியது. எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் சாப்பாட்டுக்குப் பிறகு வேட்டியை முழங்காலுக்கு ஏற்றி, "இது எம் மவன் கம்ப்யூட்டர்ல டைப் அடிச்ச காலு" என்று ஆரம்பித்துவிடுவார். பஸ், குக்கர், மொபெட், ஓடை என்று வருஷத்துக்கு வருஷம் கதை வளர்கிறது. (இப்போது ஓடையில் வெள்ளம்கூட வந்துவிட்டது. அந்த ஓடையில் நான் தண்ணீரே பார்த்ததில்லை.) முத்துமாரி அத்தை இருக்கிற இடத்தில் மட்டும் அந்தக் கதையை எடுக்க மாட்டார்.

போன தை மாதம் ஒரு காதுகுத்து வீட்டில், அவள் வந்து உட்கார்ந்ததைக் கவனிக்காமல் பாதிக் கதைக்கு வந்துவிட்டார். பார்த்ததும் டக்கென்று நிறுத்தி வேட்டியை இறக்கிவிட்டார்.

அத்தை தாம்பூலத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏன்ணே நிறுத்திட்டீக? சொல்லுங்க. அவ 'எம்மா, அது என்ன, குக்கரா'ன்னு கேட்டுக்கிட்டே நடந்து வருவாள்ல, அது வரைக்கும் சொல்லுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார்.